எதுல வாரிய, மைனி?

விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு விலகி வெயில் முகத்தில் அடித்ததும் ஜெபக்கனியின் கண்கள் தாமாகவே அந்தத் தூணுக்குப் போயின. அழைக்க வந்தவர்கள் எல்லாரும் கம்பித் தடுப்பில் நெஞ்சை அழுத்திக்கொண்டு நிற்க, அவள் தம்பி தனசிங் மட்டும் எப்போதும் அந்தத் தூணில் ஒரு தோளைச் சாய்த்து, யாரையோ வழியனுப்ப வந்தவன் திரும்பிப் போக மறந்துவிட்ட மாதிரி வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பான். வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்து இது இல்லை, இது இல்லை என்று கழித்துக்கொண்டு நிற்பது தன்னால் ஆகாது, நீதானே வாற, நீயே என்னைத் தேடிக் கண்டுபிடி என்பான். தூணடியில் இப்போது ஒரு பெண் குழந்தைக்குப் பிஸ்கட் உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜெபக்கனி பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்த் தூணின் மறுபக்கத்தையும் எட்டிப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. அவன் பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறான். கடையில் பம்புசெட் மோட்டார் ஒன்றை ஆட்டோவில் தூக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தவன், தலை என்னமோ பண்ணுது என்று சொல்லி அப்படியே சரிந்தானாம். மண்டைக்குள் ரத்தம். மூச்சு அவனுடையது இல்லை, மெஷினுடையது. மூளையில் ஒன்றும் மிச்சமில்லை என்று டாக்டர்கள் பார்த்துச் சொல்லிவிட்டார்கள், இனி வீட்டுக்காரர்கள் முடிவுதான் என்றும் சொல்லிவிட்டார்கள். அவன் மனைவி எமிமாள் அதை ஆக்லாந்துக்குப் போன் போட்டுச் சொன்னபோது அழவில்லை. "நீங்க வந்து பாத்தப்பொறவுதான், மைனி. அதுவரைக்கும் மெஷின எடுக்கப்படாதுன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

அவள் தூணை விட்டு நகர்ந்து, கொஞ்சம் தள்ளி நிழலில் கிடந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். காதுக்குள் இன்னும் விமானம் ஓடிக்கொண்டிருந்தது. ஆக்லாந்திலிருந்து சிங்கப்பூர், சிங்கப்பூரிலிருந்து சென்னை. கால்கள் வீங்கிச் செருப்பு வார் தோலில் பதிந்திருந்தது. இனி எப்படிப் போவது? அது ஒரு கேள்வியாக இதற்கு முன்னால் அவளுக்கு வந்ததே இல்லை. கல்யாணமாகி நியூசிலாந்து போன நாளிலிருந்து எத்தனையோ தடவை வந்தாயிற்று, ஒவ்வொரு தடவையும் தனசிங் காரோடு வந்து நிற்பான், முதலில் கடனாக வாங்கின வண்டி, பிறகு சொந்த வேன், பிறகு அந்த வெள்ளைக் கார், பெட்டிகளைத் தூக்கி உள்ளே எறிவான், அவள் முன்சீட்டில் ஏறி உட்காருவாள், அவ்வளவுதான், ஊர் தானாக வந்துவிடும். இன்று அவளாக யோசிக்க வேண்டும். பக்கத்துக் கட்டடத்திலிருந்து மதியம் தூத்துக்குடிக்கு ஒரு விமானம் இருக்கிறது, அதைப் பிடித்தால் வெயில் சாய்வதற்குள் ஆஸ்பத்திரி வாசல். கார் பிடித்தால் இருட்டிவிடும். எழும்பூர் போய் ரயிலில் ஏறினால் நாளைக் காலை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, விமானம்தான், சின்னப் பிள்ளைகூடச் சொல்லும் என்று எழுந்திருக்கப் போனவள் எழுந்திருக்கவில்லை. என்னமோ ஒன்று சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தாள், நாற்காலியின் கைப்பிடியில் தலைப்பு உண்மையிலேயே மாட்டிக்கொண்டுதான் இருந்தது. அதை விடுவித்தாள். அப்புறமும் எழுந்திருக்கவில்லை.

விமானம் என்றால் இன்றைக்கு. ரயில் என்றால் நாளைக்கு. எது? அவள் போய்ச் சேருவதா? அந்த இடத்தில் நினைப்பு நின்றது, நின்று, தண்ணீர்க் குழாயில் காற்று அடைத்த மாதிரி இடித்தது, பிறகு பீறிட்டுக்கொண்டு வந்தது. அவள் போய்ச் சேருவது இல்லை. அவன் சாவது. அவள் வாசலில் கால் வைத்த பிறகுதானே மெஷினை எடுப்பார்கள். மதிய விமானத்தில் ஏறினால் அவன் இன்று சாயங்காலம் சாவான். காரில் போனால் இன்று ராத்திரி. ரயிலில் போனால் ஒரு ராத்திரி முழுக்க, விழுப்புரம், திருச்சி, மதுரை என்று அவள் கீழ்ப் படுக்கையில் புரண்டுகொண்டிருக்கிற நேரம் முழுக்க, அவன் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். மெஷின்தான் ஏற்றி இறக்கும். ஏற்றி இறக்கினால் என்ன, ஏறி இறங்குகிறதா இல்லையா. நடந்தே போனால்? வழியில் காய்ச்சல் என்று ஒரு லாட்ஜில் படுத்துவிட்டால்? அப்படியே திரும்பி, இந்தக் கதவு வழியாகவே உள்ளே போய், ஆக்லாந்து விமானத்தில் ஏறிவிட்டால் அவன் சாகவே மாட்டானோ? என்ன கிறுக்குத்தனம் என்று அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள், பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார். ஆனால் கிறுக்குத்தனம் என்று சொன்னதால் அது போய்விடவில்லை, நாய்க்குட்டி மாதிரி காலடியில் உட்கார்ந்துகொண்டது.

எமிமாள் எடுப்பது என்றுதான் சொல்கிறாள். நிறுத்துவது என்று சொல்லவில்லை. மெஷின எடுக்க, குழாய எடுக்க. ஊரில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வார்த்தைதான். டிக்கெட் எடுத்தாச்சா, வண்டிய எடு, சாப்பாட்டை எடுத்து வை. இழவு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற ஆண்கள் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு கேட்பார்கள், எப்ப எடுக்கிய? அமெரிக்காவுலருந்து மவன் வரணும், வந்த உடனே எடுத்துரலாம். அப்பாவை எடுத்தபோது அவளுக்காகத்தான் காத்திருந்தார்கள், ஐஸ் பெட்டியில் வைத்து. அவள் தெருமுனையில் காரை விட்டு இறங்கின உடனே பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்கள். அந்த எழுந்த சத்தம், பிளாஸ்டிக் நாற்காலிகள் தரையில் உரசின அந்தச் சத்தம், அது அவளை வரவேற்ற சத்தம். வெளிநாட்டுக்காரி வந்துட்டா, இனி எடுக்கலாம். இன்றைக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவில் சித்தப்பா மக்கள், கடைக்காரர்கள், சபைக்காரர்கள் எல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். அவள் தலை தெரிந்ததும் எழுந்திருப்பார்கள். அப்பா செத்துப்போய்க் காத்திருந்தார். இவன்? இவன் எப்படிக் காத்திருக்கிறான்? அதற்கு என்ன வார்த்தை?

"டாக்ஸி வேணுமா, மேடம்? எங்க போணும்?" ஒரு பையன் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டு வந்து நின்றான். "இல்ல, தம்..." என்று ஆரம்பித்தவளுக்கு வார்த்தை பாதியிலேயே நின்றுவிட்டது. வயதில் சின்ன ஆண் யாராக இருந்தாலும் தம்பிதான், ஆக்லாந்து கடையில் அரிசி மூட்டையைத் தூக்கிவைக்கிற குஜராத்திப் பையன்கூடத் தம்பிதான், அதையெல்லாம் யோசித்துச் சொல்வதில்லை. தனசிங்கையும் அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அவனும் தம்பிதான். ஒரே வார்த்தை, ஊரிலுள்ள எல்லாருக்கும் அதை இறைத்துவிட்டு அவனுக்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளாமல் போய்விட்டோமே. "வேண்டாம்ப்பா" என்றாள். பையன் போய்விட்டான். எங்கே போகணும் என்று கேட்டானே, அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் முடிவு செய்த மாதிரி ஆகிவிடும்.

ரயில். ரயிலில்தான் முதல் தடவை அவன் அவளைக் கொண்டுவந்து ஏற்றிவிட்டான். கல்யாணமான புதிது, புருஷன் சாமுவேல் முன்னாலேயே ஆக்லாந்து போய்விட்டான், அப்பாவுக்குச் சர்க்கரை, துணைக்குத் தனசிங் வந்தான். அப்போது அவனுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. பஸ்ஸில் ஏறினால் வாந்தி எடுக்கிற பிள்ளை அவன், சின்னதிலிருந்தே அப்படித்தான், நாசரேத்துக்குப் போகிற பஸ்ஸில் அவள் மடியில் எத்தனை தடவை எடுத்திருக்கிறான், அவள் பாவாடையை உதறிக் குழாயடியில் அலசிக்கொண்டு நிற்பாள், அவன் பக்கத்தில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணில் நீரோடு நிற்பான். இதோ, இங்கேயும் எடுப்பதுதான், வாந்தி எடுப்பது. ரயிலில் அவனுக்கு வாந்தி வராது என்று கண்டுபிடித்தது அந்த ராத்திரிதான். மேல் படுக்கையிலிருந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அக்கா, தூங்கிட்டியா, அக்கா, இப்ப எந்த ஊரு, அக்கா, நியூசிலாந்துல ரயில் உண்டுமா என்று விடிய விடிய அரட்டை அடித்தான். சும்மா கிடடே என்று அவள் சொன்னாள். அவள் பயந்து கிடந்தாள், தெரியாத ஊர், அவ்வளவாகத் தெரியாத புருஷன். அவன் கைதான் கீழே தொங்கிக்கொண்டிருந்தது, ரயில் ஆடுகிற ஆட்டத்துக்கு ஆடிக்கொண்டு. கட்டிலிலிருந்து இப்போதும் அப்படித் தொங்குமோ? நர்சுகள் எடுத்துப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். எமிமாள் நேற்றோ முந்தாநாளோ ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். அதை அவள் இன்னும் திறக்கவில்லை. சின்னப் படமாக, மங்கலாக, ஒரு வெள்ளைத் துணியும் ஒரு நீலக் குழாயும், நடுவில் ஒரு அம்புக்குறி. தொட்டால் ஓடும். தொடவில்லை.

விமானத்தில் வந்த நேரமெல்லாம் அவள் நன்றாகத்தான் இருந்தாள். அதை யாரிடமும் சொல்ல முடியாது. சிங்கப்பூர் வரைக்கும் மேகத்துக்கு மேலே, போன் அணைந்து கிடக்க, திரையில் ஒரு சின்ன விமானம் நீலக் கடல்மேல் ஊர்ந்துகொண்டிருக்க, அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. கீழே என்ன நடந்தாலும் அவள் இறங்கிக் கேட்கிற வரைக்கும் அது நடக்கவில்லை. பக்கத்து சீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஏதோ சிரிப்புப் படம் பார்த்துத் தோள் குலுங்கிக்கொண்டிருந்தார், அவள் சத்தமில்லாமல் அந்தப் படத்தைப் பார்த்தாள், ஒரு இடத்தில் சிரித்தும்விட்டாள். சிரித்தபோது அவன் நெஞ்சு ஏறி இறங்கியிருக்கும். தூங்கினபோதும், கழிப்பறைக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து வயசாயிட்டு என்று நினைத்தபோதும், ஏறி இறங்கியிருக்கும். அந்த ஏற்ற இறக்கத்தின் மேல் படுத்துக்கொண்டுதான் கடலைத் தாண்டி வந்திருக்கிறாள். இன்னும் ஒரு ராத்திரி படுத்துக்கொண்டால் என்ன? ஒரே ஒரு ராத்திரி. அக்கா தம்பிக்கு ஒரு ராத்திரி கொடுத்தாள் என்று இருக்கட்டுமே. அவள் அவனுக்கு வேறென்ன கொடுத்திருக்கிறாள், சாக்லேட்டும் ஸ்வெட்டரும், பாளையங்கோட்டை வெயிலில் ஸ்வெட்டர், அதையும் கிறிஸ்துமஸ் ஆராதனைக்குக் கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போய் வியர்த்து வழிந்து நின்றானாம். ரயில்தான். முடிவு செய்தாயிற்று. முடிவு செய்ததும் உடம்பு லேசானது, எழும்பூருக்கு எப்படிப் போவது, மெட்ரோவா ஆட்டோவா என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் போன் அடித்தது.

"இறங்கிட்டியளா, மைனி?" எமிமாளின் குரல் தொண்டையின் அடியிலிருந்து வந்தது, பல நாள் பேசாதவள் மாதிரி.

"இறங்கிட்டேன், எமி. வெளிய வந்துட்டேன்."

"எதுல வாரிய?"

"ரயில்ல வரலாம்னு பாக்கேன். உடம்பு ஒரு மாதிரியா இருக்கு. படுத்துக்கிட்டே வந்துருவேன். காலையில வந்துருவேன்."

அந்தப் பக்கம் பேச்சில்லை. அவளுக்கு முதலில் கோபம் வந்தது. என்ன அவசரம் உனக்கு? கட்டினவளுக்கு அவ்வளவு அவசரமா? நீ அவனைப் பார்ப்பதற்கு முன்னாலேயே நான் அவனைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவள். இந்தக் கோபம் உள்ளே ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் எமிமாள் பேசினாள்.

"கால் விரலெல்லாம் கறுத்துட்டு, மைனி."

"என்னது?"

"கால் விரலு. ரெண்டு காலும். கையிலயும் ரெண்டு மூணு விரலு. பிரஷர் இறங்காம நிக்கதுக்கு ஏத்துதாவள்ளா மருந்து, அதுல அப்பிடி ஆவுமாம். நேத்து சுண்டுவிரல்தான் அப்பிடி இருந்துச்சு. நான் தைலம் போட்டுத் தேச்சேன். நர்சம்மா தேய்க்காதிய, தோலு வந்துரும்னுட்டாவ. முகத்தைப் பாத்தா அவிய மாதிரியே இல்ல. ஊதிட்டு. பிள்ளைய உள்ள கூட்டிட்டுப் போவல நான். அப்பாவைப் பாக்கணும்னு கேக்கா. எங்க கூட்டிட்டுப் போவ?"

எதிரே ஒரு குடும்பம் யாருக்கோ மாலை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. மாலைக்காரர் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாமல் சிரித்துக்கொண்டு நின்றார். நேத்து சுண்டுவிரல். அப்படியென்றால் நேற்று, அவள் மேகத்துக்கு மேலே சிரிப்புப் படம் பார்த்தபோது, சுண்டுவிரல். சிங்கப்பூரில் உட்கார்ந்திருந்தபோது அடுத்த விரல். ஒரு ராத்திரி கொடுக்கப் போகிறாளாம். யாரிடமிருந்து எடுத்து யாருக்குக் கொடுக்கிற ராத்திரி? அவள் கீழ்ப் படுக்கையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, விழுப்புரம், திருச்சி, மதுரை, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு விரல். பரிசோதகர் வந்து டிக்கெட் பார்த்துவிட்டுப் போவார். டீ, காபி என்று கூவுவார்கள். எமிமாள் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு தேய்க்கவும் கூடாமல் தேய்க்காமலும் இருக்க முடியாமல் கையைப் பிசைந்துகொண்டிருப்பாள். அவன் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. அவளுக்காக அவனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

"இப்ப எங்க இருக்க, எமி?"

"உள்ளதான் நிக்கேன். டாக்டரு இப்ப விட்டிருக்காரு."

"பக்கத்துல இருக்கானா?"

"பக்கத்துலதான் இருக்காவ." பிறகு மெதுவாக, "போனைக் காதுல வைக்கட்டா? பேசுதியளா? கேக்காதுன்னுதான் சொல்லுதாவ. ஆனா வைக்கேன்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்வதற்குள் அந்தப் பக்கம் துணி உரசுகிற சத்தம், ஏதோ இடிக்கிற சத்தம், அப்புறம் அது. அவள் எதிர்பார்த்திருந்தது அது இல்லை. மூச்சு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தாள். அது மூச்சு மாதிரி இல்லை. பஸ் நிலையத்தில் பஸ் கதவு திறந்து மூடுகிற காற்றுச் சத்தம், ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், ஒரு விடுதல், பிறகு எங்கோ ஒரு சின்னத் தட்டல். மறுபடியும் அதே. கொஞ்சமும் கூடாமல், கொஞ்சமும் குறையாமல். எந்த மனிதனும் இப்படி மூச்சு விட மாட்டான். தனசிங் ஒருபோதும் விடமாட்டான், தூக்கத்தில்கூட அவன் மூச்சு தாறுமாறு, குறட்டை ஓடிக்கொண்டே இருந்து சட்டென்று நிற்கும், பயந்துபோய்த் தட்டினால் என்ன என்று கண்ணை விழிப்பான். என்ன சொல்வது? ஜெபம் சொல்லலாம். சங்கீதம் ஏதாவது சொல்லலாம். இருபத்துமூன்றாவது சங்கீதம் தூக்கத்திலும் தெரியும், இப்போது முதல் வரி வரமாட்டேன் என்கிறது. சுற்றிலும் ஆட்கள், பெட்டிகள், டாக்ஸி, டாக்ஸி, ஒலிபெருக்கியில் ஒரு பெண் எதையோ தவறவிட்டவர்களைக் கூப்பிடுகிறாள். அவள் போனை வாயோடு சேர்த்து, உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"தம்பி," என்றாள். வந்துவிட்டது. "நான்தான்டே. மெட்ராஸ் வந்துட்டேன். இறங்கி நிக்கேன். எப்பிடி வாறதுன்னு தெரியலடே. ப்ளேன் இருக்கு, ரயில் இருக்கு, காரும் இருக்கு. எதுல வர? நீ சொல்லு. நீதானே எப்பமும் சொல்லுவ." இழுப்பு. நிறுத்தம். விடுதல். தட்டல். "எதுலடே வர?"

அவள் காத்திருந்தாள். உண்மையாகவே பதில் வரும் என்று ஒரு கணம் காத்திருந்தாள். அக்கா, பேசாம அங்கனயே நில்லு, நான் வந்துட்டேன். நாலு இழுப்பு போயிருக்கும், அஞ்சு போயிருக்கும். பிறகு அது கேட்பதற்கு ஒன்றுமில்லாத சத்தமாக ஆகிவிட்டது, குளிர்பெட்டி ஓடுகிற மாதிரி, காற்றாடி ஓடுகிற மாதிரி. அந்தக் கணத்தில், வேறு எந்தக் கணத்திலும் இல்லை, அவன் செத்துவிட்டான் என்பது அவளுக்குத் தெரிந்தது. என்றைக்கோ. கடையில் நிமிர்ந்தபோதே. அவள் ஆக்லாந்தில் என்ன செய்துகொண்டிருந்தாளோ அப்போதே. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. வாய்தான் உலர்ந்து போயிற்று.

"எமி. எமி, போனை எடு."

"சொல்லுங்க, மைனி."

"எனக்காக வைக்காண்டாம்."

"என்ன சொல்லுதிய?"

"எனக்காகப் போட்டு வைக்காண்டாம் அவன. சபை ஐயரை வரச் சொல்லு. ஜெபம் பண்ணட்டும். பிள்ளை பாக்கணும்னு சொன்னா வாசல்லருந்து பாக்கட்டும், இல்லன்னா விடு. பொறவு எடுத்துரச் சொல்லு."

"நீங்க பாக்காண்டாமா, மைனி? கடலைத் தாண்டி வந்துட்டு?"

"நான் வந்து பாத்து அவனுக்கு என்ன ஆவப்போவுது?"

எமிமாள் அழ ஆரம்பித்தாள். இத்தனை நாளும் போனில் ஒருதடவைகூட அழாதவள். அழுகைக்கு நடுவில் என்னமோ கேட்டாள், புரியவில்லை, மறுபடியும் கேட்டாள். "நீங்க சொன்னியன்னு சொல்லலாமா? வராந்தாவுல எல்லாரும் இருக்காவ. பொண்டாட்டிக்காரி அதுக்குள்ள எடுக்கச் சொல்லிட்டாளேன்னு பேசுவாவ. எனக்குப் பயமா இருக்கு, மைனி. நான் என் வாயால சொல்லமாட்டேன். என்னால முடியாது."

அப்படியா, என்று நினைத்தாள் ஜெபக்கனி. நீ நான் வருவதற்காக நிற்கவில்லை. நான் சொல்வதற்காக நிற்கிறாய். இத்தனை தூரம் அழைத்தது இதற்குத்தான். அதில் அவளுக்கு வருத்தமில்லை, அந்த இடத்தில் தான் நின்றிருந்தாலும் அப்படித்தான் யாரையாவது தேடியிருப்போம் என்று பட்டது. சொல்லு என்ற வார்த்தை சின்ன வார்த்தை. அதைச் சொன்ன பிறகு அது தன்னோடேயே இருக்கும், ஆக்லாந்துக்கும் வரும், சமையலறைக்கும் படுக்கைக்கும் வரும், பாவாடையை உதறின மாதிரி உதறிவிட முடியாது என்று தெரிந்தது. பெரியப்பா வீட்டுச் சம்பந்திமார்கள் இனி என்ன சொல்வார்கள் என்பதும் தெரிந்தது. கூடப் பிறந்தவ, வந்து முகத்தைக்கூடப் பாக்காம ஏர்போட்டுல நின்னுக்கிட்டே எடுத்துரச் சொல்லிட்டா.

"சொல்லு," என்றாள். "பெரியவ நான்தானே. ஜெபக்கனிதான் சொன்னான்னு சொல்லு. யாரு கேட்டாலும் என்கிட்ட கேக்கச் சொல்லு. டாக்டரு கேட்டா போனைக் குடு, நானே சொல்லுதேன்."

டாக்டரிடமும் சொன்னாள். அவர் மரியாதையாகப் பேசினார், ஏற்கெனவே எல்லாம் விளக்கியிருக்கிறோம், சகோதரியின் விருப்பமும் இதுதானே என்று கேட்டார். விருப்பம் என்ற வார்த்தையில் அவளுக்குக் கால் தடுக்கியது. "ஆமாம்," என்றாள்.

போனை வைத்த பிறகு கேள்வி மறுபடியும் அப்படியே இருந்தது. எதில் போவது? இப்போது அது வெறும் கேள்வி. விமானம் என்றால் போனை அணைக்கச் சொல்வார்கள். அவள் மேகத்துக்கு மேலே இருக்கிற நேரத்தில் அது நடந்துவிடும், இறங்கிப் போனைப் போட்டதும் செய்தி கடிதக்கட்டு மாதிரி வந்து விழும். சிங்கப்பூர் வரைக்கும் இருந்த அந்த நிம்மதி இப்போது அவளுக்கு வேண்டாம். ரயிலில் எதிர் சீட்டில் ஆள் இருக்கும், எங்க போறீங்க, ஊர் எது, பிள்ளைங்க எத்தனை. தரையிலேயே, தனியாக, போன் கையில் இருக்கிறபடி போக வேண்டும். அவள் டாக்ஸி கவுண்டருக்குப் போய்ப் பாளையங்கோட்டை என்று சொன்னாள். அவ்வளவு தூரமா, பக்கத்துலயே ஃப்ளைட் இருக்கே மேடம் என்றாள் அங்கிருந்த பெண். தெரியும் என்றாள்.

டிரைவர் நரைத்த கிருதா வைத்த மனுஷன், திண்டிவனம் பக்கம் என்று சொன்னான், பெட்டியை வைத்துவிட்டு அவள் பின்சீட்டில் ஏறுகிற வரைக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "சீக்கிரம் போணுமாம்மா? எதுனா விசேஷமா?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டான். "இல்ல, உங்க வேகத்துக்குப் போங்க" என்றாள். தாம்பரம் நெரிசலில் வண்டி நின்று நின்று நகர்ந்தது. பக்கத்தில் ஒரு பஸ், ஜன்னலோரத்தில் ஒருத்தி ஈரத் தலையை உலர்த்திக்கொண்டு வந்தாள். ஐயர் வந்திருப்பார். ஜெபப் புத்தகத்தைப் புரட்டியிருப்பார், இல்லை, அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். செங்கல்பட்டு தாண்டி ஏரி தெரிந்தது, தண்ணீர் நடுவில் மட்டும் கொஞ்சம் கிடந்தது, சுற்றிலும் வெடித்த சேறு. இப்போது இருக்கலாம். இல்லை, இப்போது. இந்த லாரியைத் தாண்டும்போது. அந்தப் புளியமரத்தைத் தாண்டும்போது. ஒவ்வொன்றையும் தாண்டினார்கள், ஒன்றும் ஆகவில்லை, வெயில் அப்படியே அடித்தது. ஒருவேளை மெஷினை எடுத்த பிறகும் அவனாக மூச்சு விட ஆரம்பித்திருப்பானோ, இந்த டாக்டர்களுக்கு என்ன தெரியும், பேப்பரில் எத்தனை படிக்கிறோம். அந்த நினைப்பு அவ்வளவு வேகமாக வந்து அவ்வளவு ஆழத்தில் இறங்கியது, அவள் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டாள். போன் அடித்தது. எமிமாள் "மைனி" என்றாள், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. "சரி" என்றாள் இவள். இரண்டு பேரும் போனை வைக்காமல் இருந்தார்கள். அந்தப் பக்கம் இழுப்பும் இல்லை, தட்டலும் இல்லை, வராந்தாவில் நாற்காலிகள் நகர்கிற சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது.

"வண்டிய ஓரங்கட்டட்டாம்மா?" என்றான் டிரைவர். அவனுக்குப் புரிந்திருந்தது.

"வேண்டாம். போங்க."

வண்டி போயிற்று. அவன் செத்துவிட்டதால் தூரம் ஒரு கிலோமீட்டர்கூடக் குறையவில்லை. மேல்மருவத்தூர், திண்டிவனம், விழுப்புரம், எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன, ஒவ்வொன்றாகத் தாண்டியாக வேண்டும், தாண்டிப் போய் அந்த வராந்தாவில் இறங்கியாக வேண்டும், அந்த முகங்களுக்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும், அந்த விரல்களைப் பார்த்தாக வேண்டும். அவள் கண்ணை மூடினாள், அழ முயன்றாள். அழுகைக்குப் பதிலாக வயிற்றில் என்னமோ புரண்டது. முதலில் அது துக்கம் என்று நினைத்தாள். வலி என்று நினைத்தாள். ரோட்டோரக் கடையிலிருந்து வெங்காயம் வதங்குகிற வாசனை கார் ஜன்னலின் இடுக்கு வழியாக வந்து போனதும் வாயில் எச்சில் ஊறியது, அப்போதுதான் அது என்னவென்று தெரிந்தது. அவளுக்கு அருவருப்பாக இருந்தது. தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அடுத்த கடை வந்தது, போனது. அதற்கடுத்ததும் போனது.

"எங்கயாவது நிப்பாட்டுங்க," என்றாள் கடைசியில், கண்ணாடியைப் பார்க்காமல். "பசிக்கி."